வாடாத கார்னேஷன்

மனைவி ஆபீஸுக்குக் கிளம்பிய மறுநிமிடமே, பூ ஆராய்ச்சியாளர் சமையலறைக்குப் பாய்ந்து கனிந்த வாழைப்பழங்களை அள்ளிவந்தார். பூக்குவளையைச் சுற்றி அடுக்கி, மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்தார்.

"என்ன அத்தான், பூவுக்கு டிபனா?" என்றான் சோபாவில் கிடந்த மைத்துனன்.

"பழம் விடுற வாயு பட்டா பூ வாடிடும்டா."

"அதுக்கு மசியாத மாதிரி ஜீனை மாத்தினதே நீங்கதானே?"

"மாத்தித் தொலைச்சிட்டேன். வேற வழி தெரியல."

கல்யாண நாளை மறந்துவிட்டு, ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அவசரமாக ஒரு சிவப்பு கார்னேஷனைக் கொண்டுவந்து நீட்டியதுதான் வினை. "இது வாடுற வரைக்கும் உங்களோட பேச்சே கிடையாது" என்று மனைவி அறிவித்து ஒரு மாதமாகிறது. பூ ஓர் இதழ்கூடச் சுருங்கவில்லை. அவர் தினமும் எடுத்தனுப்பிய படங்களைப் பார்த்துக் கம்பெனி அவருக்குப் பாராட்டு விழாவே நடத்திவிட்டது. வீட்டில் உப்பு கேட்கக்கூட மைத்துனன்தான் தூது.

மாலையில் வந்த மனைவி பையைத் தூக்கிப் பார்த்தாள். பூ தலை தொங்கிக் கிடந்தது.

"வாடிடுச்சு! பேசு!" என்று குதித்தவர் சட்டென்று நின்றார். முகம் வெளுத்தது. "இது... வாடக் கூடாதே?"

மனைவி நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"உங்க பூ முதல் வாரமே செத்துப்போச்சு. எனக்குக் கோபம் தீரல. அதனால முக்குக் கடையில புதுசு புதுசா நான்தான் வாங்கி வச்சேன்."