மூக்கின் மேல் உளி

புது ராஜாவுக்குத் தன் முகத்தின் மேல் அப்படியொரு ஆசை. முன்பெல்லாம் பொற்காசின் நடுவில் ஒரு தலை இருக்கும், சுற்றிலும் வெறும் விளிம்பு இருக்கும். இப்போது இரண்டு பக்கமும் கிரீடமும் மோவாயும் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன. காசு முழுக்க ராஜாதான், தங்கத்துக்குத்தான் இடமில்லை.

நாணயச்சாலையில் தங்கத்தின் தரத்தைச் சோதித்து மாற்றுப் பார்ப்பவளுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். உரைகல்லில் தேய்த்தால் மேல்பூச்சு மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க விளிம்பில் உளியை வைத்து ஒரு வெட்டு போட வேண்டும். இருபது வருஷமாக அவள் செய்யும் வேலை அது. இப்போது வெட்ட இடம் எங்கே? ராஜாவின் முகத்தில் கீறல் விழுந்தால் கீறிய கை போகும் என்று வாசலில் அறிவிப்பு வேறு. கெட்டிக்காரப் பயல்கள்!

“பேசாம நல்ல தங்கம்னு முத்திரை குத்திடு,” என்றான் அங்கேயே காசுக்கு அச்சு செதுக்கும் அவள் அண்ணன். அந்த முகத்தைச் செதுக்கியவனே அவன்தான். “பெருசா செதுக்குன்னாங்க, செதுக்கினேன். எதுக்குன்னு கேட்டேனா? நீயும் கேக்காதே.”

“கேக்கலைன்னா எவனாவது வீட்டை வித்துட்டு இந்தச் செம்பை வாங்கிட்டுப் போவான். என் முத்திரையை நம்பித்தாண்ணே வாங்குவான்.”

“செம்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. அதான் வெட்டணுங்கறேன்.”

மூன்று நாளாக அவள் இடது கையால் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணன் முதலில் கிண்டலடித்தான். விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

புதுக் காசின் முதல் சோதனையை வியாபாரிகள் முன்னால், முற்றத்தில் நடத்துவது வழக்கம். அதிகாரி தட்டு நிறையக் காசோடு வந்தார்.

“உரசிப் பார்த்துட்டு முத்திரையைக் குத்தும்மா. நேரமாச்சு.”

உரசினாள். கல்லில் மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்தது. கூட்டம் தலையாட்டியது. அவள் காசை இரும்புக் கட்டையில் வைத்து, ராஜாவின் மூக்கின் மேல் உளியை நிறுத்தி, ஓங்கி ஒரே போடு போட்டாள்.

காசு இரண்டாகப் பிளந்தது. உள்ளே செக்கச்செவேலென்று செம்பு. அதைத் தலைக்கு மேல் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

அதிகாரியின் முகம் வெளிறிவிட்டது. “அது... அந்த ஒரு காசு தப்பா வந்திருக்கும்! யார் முகத்துல உளி வச்சே தெரியுமா? கை போயிடும்!”

“போகட்டும். இப்ப இருக்குல்ல? அந்த ஒண்ணுதான் தப்புன்னா இன்னொண்ணு கொடுங்க, வெட்டிக் காட்டறேன்.”

அதிகாரி தட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தான். அதிகாரியின் கையைத் தள்ளிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தான். மாதக்கணக்கில் கண் வலிக்க வலிக்கத் தான் செதுக்கிய முகத்தைத் தங்கையின் உளிக்கு நேராக வைத்தான்.

“ஓங்கி வெட்டு,” என்றான்.