அந்தியில் எடுத்த கையளவு

திருவிதாங்கூர் மன்னர் ஆண்ட அந்நாளில், மேலைக்கடலில் கதிரவன் பாதி அமிழ, கட்டுமரங்கள் மணலேறி ஓய, மீன்விலை கூறும் கூச்சல் அடங்கி, குளச்சல் கோயிலின் மணியோசை கரையெங்கும் பரவும் பொழுதில், கிழக்கே மலைகள் நீலம் கறுத்து நிற்கும். ஊரே உடம்பை நீட்டிப் பெருமூச்செறியும் அந்த வேளையில்தான், தமிழ் நலம் நாடுவோரே, கடலோரக் குடிலொன்றில் வியாகுலம்மாளுக்கு வேலை தொடங்கும்.

அவள் கணவர் மரியஜான் கட்டுமரமேறி மீன்பிடித்தது போக, மூங்கில் தேர்ந்து தூண்டிற்கோல் செய்வார். அதற்குத் தக்கைப்பிடி அமைப்பவள் அவள். மலைத்தோட்டத்து வெள்ளையர் குடித்தெறிந்த மதுக்குப்பிகளின் தக்கை அடைப்பான்களைத் திரட்டி, நடுவே துளையிட்டு, கோலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துப் பசையிட்டு இறுக்கி, அரத்தால் அராவி, காய்ந்த திருக்கைமீனின் சொரசொரத்த தோலால் தேய்த்து வழவழப்பாக்குவாள். கோல் கேட்போர் முதலில் ஈரக் களிமண் உருண்டையை அழுத்திப் பிடித்துத் தம் விரற்பதிவைத் தரவேண்டும். காலையில் வருவோரை, "அந்திக்கு வாருங்க, சோர்ந்த கையத்தான் எனக்குப் பாக்கணும், தெம்புள்ள கை எந்தப் பிடியையும் பிடிச்சிரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். வெள்ளையரும் அதற்கு விலக்கல்லர்.

ஓராண்டு மழைக்காலத்துக் காய்ச்சல் மரியஜானைப் பாயில் கிடத்தியது. காய்ச்சல் போயிற்று, வலிமை திரும்பவில்லை. கேட்போரிடமெல்லாம் "நாளைக்குத் தேறிருவாரு" என்று சொல்லிச் சொல்லி அவள் நாவே களைத்திருந்தது. சுவரை நோக்கிக் கிடந்த அம்மனிதர் ஒருநாள் திரும்பி, "ஏட்டி, கட்டுமரத்துல ஏற இனி எனக்கு முடியாது. பாறையில இருந்து தூண்டிலாவது போடணும்" என்றார். ஊருக்கெல்லாம் கோல் செய்தவர் தமக்கென ஒன்று வேண்டியது அன்றுதான். இந்த ஆசையும் பொய்த்தால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், பிறகு எழமாட்டார் என்று அவள் அஞ்சினாள்.

மூலையில் எஞ்சியிருந்த கோலை எடுத்தாள். களிமண் பிசையவில்லை. வலையிழுத்துக் காய்த்த அந்தப் பெருங்கையை இருட்டிலும் அறிவேனே, அளவெதற்கு என்று எண்ணினாள். இடுப்பு நோக, கண் எரிய, அராவி முடித்து அவர் கையில் வைத்தாள். விரல்கள் பிடியைச் சுற்றி முழுதும் வளையவில்லை. கோல் நழுவித் தரையில் விழுந்தது.

"இது யாருக்க கைக்கு உண்டாக்கினது?" என்று கேட்டார் மரியஜான்.

"உங்களுக்க கைக்குத்தான்."

"அந்தக் கை போச்சு, ஏட்டி. இப்பம் உள்ளதப் பாரு" என்று அவர் தம் கையை நீட்டினார்.

நாள்தோறும் கஞ்சிக்கிண்ணம் ஏந்திய அந்தக் கையை அவள் அன்றுதான் பார்த்தாள். எலும்பும் தோலுமாய் இருந்தது. அழவேண்டும் போலிருந்தது, அழுவதற்கும் அலுப்பாயிருந்தது. எழுந்து களிமண் பிசைந்து வந்தாள். அந்தி வெளிச்சத்தில் அவர் தம் வலுவெல்லாம் கூட்டி அழுத்தியும், விரற்பதிவு கோழி கிளறிய தடமளவே விழுந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, தான் செய்த பிடியைத் தானே இழைத்தாள். தக்கைத்தூள் மடியில் உதிர உதிர, அவள் விடாமல் பற்றியிருந்த அந்தப் பழைய பெருங்கையும் சிறிது சிறிதாய் உதிர்ந்தது. பிடி மெலிந்து, குழந்தைக்குச் செய்ததுபோல் ஆயிற்று.

மறுநாள் மாலை அவரைத் தோள்தாங்கி நடத்திப் பாறையில் அமர்த்தினாள். தூண்டில் அலையில் விழுந்தது. நெடுநேரம் ஒரு மீனும் கடிக்கவில்லை. ஆயினும் கோல் நழுவவில்லை. மீன்கூடையோடு அவ்வழி வந்த அண்டைவீட்டுக்காரி, "மைனி, அண்ணன் தேறிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா, தேறமாட்டாரு" என்றாள் வியாகுலம்மாள், குரல் இடறாமல். "இன்னைக்குப் பாறைக்கு வந்திருக்காரு."

மரியஜான் அதைக் கேட்டார், திரும்பவில்லை. இடக்கையால் அருகிலிருந்த பாறையைத் தட்டி அவளுக்கு இடங்காட்டினார். நேற்றைய கையை நெஞ்சில் இறுகப் பற்றிக்கொண்டு, இன்று நீளும் கையைக் காணாது விடுவதும் அன்பின் பிழைதான். அந்தப் பிழை தீர்ந்த களைப்போடு அவள் அவரருகே அமர்ந்தாள். கடல் இருளும் வரை இருவரும் எழவில்லை.