மைக்செட்டின் குடிநீர் வாரியம்

குடிநீர் வாரியத் தலைவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தங்கை காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். அவள் மகனுக்கு விடிந்ததிலிருந்து வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் சலைன் ஏறுகிறது. அவன் மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் முப்பது குழந்தைகள். எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள்.

ஊரில் அவருக்கு மைக்செட் என்றுதான் பெயர். இருபது வருஷம் கட்சிக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். மழையில் மேடை சரிந்த நாளில்கூடக் கட்சித் தலைவரின் பேச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டார். அந்த விசுவாசத்துக்குத்தான் ஆறு மாதம் முன்பு இந்த நாற்காலி. தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், குழாயைத் திறந்தால் வரும் என்பதுதான்.

வந்த முதல் வாரமே ஆய்வகத்து அம்மாள் ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பினார். கட்சிக்காரர் கம்பெனியின் குளோரின் தரமில்லை, வாங்கக்கூடாது என்று எழுதியிருந்தார். மறுநாளே அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, அந்தக் குளோரினையே வாங்கினார் மைக்செட். போன மாதக் கூட்டத்தில், தண்ணீரிலுள்ள குளோரின் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டதாக அறிக்கை வந்தது. "மருந்து குறைஞ்சா நல்லதுதானே? நாத்தமும் இல்ல" என்றார். சுற்றியிருந்த ஏழு இன்ஜினீயர்களும் தலையாட்டினார்கள். கிடங்குக்குப் போக யாருக்குத்தான் ஆசை?

இப்போது அந்த அம்மாளுக்கு வண்டி அனுப்பினார். உடுப்பில் கிடங்குத் தூசியோடு வந்தவர், அறிக்கையை நின்றபடியே படித்தார்.

"குறையவே கூடாது சார். கிருமியைக் கொல்றதே அதுதான். தொட்டிய உடனே மூடணும். காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஜனங்களுக்கு அறிவிக்கணும்."

"ஏழு பேர் இருந்தாங்களேம்மா, ஒருத்தர்கூட வாயத் திறக்கல."

"வாயத் திறந்தவ எங்க இருக்கான்னு பாத்தாங்கல்ல."

மைக்செட் தொட்டியை மூடச் சொல்லி உத்தரவு எழுதும்போதே கட்சி அலுவலகத்திலிருந்து போன். தேர்தல் நெருங்குகிறது, இரண்டு நாளைக்கு மூச்சு விடக்கூடாது, மீறினால் நாற்காலி இருக்காது என்றார்கள். பழக்கதோஷத்தில் "சரிங்க" என்று வைத்துவிட்டார். மறுபடியும் தங்கை.

"அண்ணே, பக்கத்து வீட்ல இன்னும் அதே தண்ணியத்தான் பிடிக்கறாங்க. குடிக்கலாமா, கூடாதா? நீயாவது சொல்லேன்."

பாதியில் நின்ற உத்தரவை எழுதி முடித்து, தொட்டியை மூட ஆள் அனுப்பினார். கீழே இறங்கி, பழைய வேனில் தாமே ஒலிபெருக்கியைக் கட்டினார். ஆறு மாதத்தில் முதல் முறையாக, கை தடுமாறாமல் செய்த வேலை அது. ஆய்வகச் சாவியை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு, தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனார். தொட்டியை மூடியாயிற்று, பிடித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இனி காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

தெருக்குழாயடியில் வாளியோடு நின்ற ஒரு பெண் வேனை மறித்தாள்.

"தெனம் ஒண்ணு சொல்லுவீங்க. இதச் சொல்றது யாருய்யா?"

மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"வாரியத் தலைவர்தாம்மா. கட்சிக்கு உழைச்சதுக்காக, தெரியாத வேலைல வந்து உக்காந்தவன். தெரிஞ்சவங்கள ஓரங்கட்டினவன். என்னை மாதிரி ஆளுக்கு இந்த நாற்காலியக் குடுத்தா, உங்க புள்ளைங்கதான் ஆஸ்பத்திரில படுக்கணும். அடுத்த தடவ யாரை உக்கார வெச்சாலும், அவனுக்கு இந்த வேலை தெரியுமான்னு கேளுங்க."

தெருவே கேட்டது. அந்தப் பெண் நிரம்பிய வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

வேன் அடுத்த தெருவுக்குத் திரும்பியது.