மூணே எழுத்து

"எங்க அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க, அங்கிள்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பாவும் சொல்லியிருந்தார், என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற சுன் லாமும் சொல்லியிருந்தான். கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் எனக்கு மாமனாராகப் போகிறவர், ஓய்வுபெற்ற சீனமொழி ஆசிரியர், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

சம்பந்தம் பேச இந்த வீட்டுக்கு வந்த அன்று, சீனத்தில் படித்தவர்கள் பேச்சுக்குப் பேச்சு எடுத்துவிடும் நாலெழுத்துத் தொடர்களில் ஒன்றையாவது வாத்தியார் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மினிபஸ் ஓட்டுபவர், ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் முனகிப் பழகினார். வாசலில் கைகுவித்து முழங்கினார்: "புங் பாட் சாங் ஃபாய்!"

உங்கள் வரவால் என் குடிசை ஒளி பெற்றது என்று அர்த்தம். வீட்டுக்காரர் சொல்ல வேண்டியது. வந்தவர் சொன்னால், உன் வீடு குடிசை என்றாகிவிடும். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்து அப்பாவும் சிரித்தார்.

அங்கிள் அதைத் தன் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். சுற்றிச் சுற்றி ஓட்டுநர்கள் குழுவுக்கே வந்தது. இப்போது மோங் கோக் மினிபஸ் நிறுத்தத்தில் அப்பாவின் பெயர் 'குடிசை'.

"மூ சாம் ஜி சாட்" என்றார் அங்கிள். உள்நோக்கமில்லாத பிழையாம். அதுவும் நாலெழுத்து. யாருடைய பிழை என்று சொல்லவில்லை.

"நாலு வேண்டாம் அங்கிள். தொய் ம் ஜூன்னு மன்னிப்புக் கேளுங்க. மூணே எழுத்து. மினிபஸ்ல கால மிதிச்சாக்கூட சொல்றாங்க."

"பட்டதாரிப் பொண்ணு நீ. நீயாவது அவருக்குச் சரியாச் சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

போனில் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான். நான் படித்தது வணிகவியல்; எங்கள் வீட்டில் யார் இப்படிப் பேசினார்கள், எனக்குத் தெரிய? அத்தனை கேலியிலும் அப்பா என் பெயரை எடுக்கவில்லை.

"அடடே! அப்ப குடும்பத்துக்கே பாடம் எடுக்கணும்போல!"

சுன் லாம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிச்சிடு. அடக்காத."

"கொஞ்சம் வேடிக்கைதானே சிங் யூ? விடேன். கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா மேடையேற வேண்டாம். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து எங்கப்பாவே பேசிடுவாரு."

எழுந்து போய்ச் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"விருந்து மண்டபத்துக்கு. நம்ம கல்யாணத்துக்குப் பன்னெண்டு மேஜை சொல்லி வச்சிருக்கோமே, வேண்டாம்னு சொல்லணும்."

"ஏய், விளையாடாத!"

லிஃப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.