வேனுக்குப் பின்னால்

கையூம் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரங்களின் பிரேக் ஷூக்களை நெருக்கியாகிவிட்டது. முன்பு ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பதினோரு ‘டிக்’ கேட்கும். இப்போது ஆறு. ஆனால் கேபிளின் உறை கிழிந்திருந்த இடத்தில் விரலை வைத்ததும் கம்பி இழைகள் குத்தின. பாதிக்கு மேல் அறுந்திருந்தன.

வெளியே வந்து, அந்த ஐந்தாம் மாடிப் பட்டறையின் ஓரத்திலிருந்த கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார்.

“பாஸ், கேபிள் போச்சு. மாத்தணும்.”

“ஸ்டாக் இல்ல. வர மூணு நாளாகும்,” என்றார் எட்மண்ட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாளைக்குக் காலைல வேன்காரங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் லா. டைட் பண்ணி விடு.”

“பண்ணியாச்சு. ஆனா இழையெல்லாம்...”

“பிடிக்குதா இல்லையா?”

“இப்போ பிடிக்குது.”

“அப்புறம் என்ன?”

கையூமின் வேலை அனுமதியான எஸ் பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. எட்மண்ட் இன்னும் புதுப்பிக்க விண்ணப்பிக்கவில்லை. கேட்டால், “பார்க்கலாம்” என்பார். கையூம் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் வைதேகி காத்திருந்தாள். பொங்கோலில் வீட்டிலேயே சமைத்து, டிங்கட் எனும் அடுக்குப் பாத்திரங்களில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். நேற்று மார்சிலிங்கில் வேனின் பின்கதவைத் திறந்து டிங்கட்டை எடுக்கும்போது வண்டி அரையடி உருண்டு அவள் முழங்காலில் இடித்திருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஹேண்ட்பிரேக் பார்த்தவரே, வாடிக்கையாளர் முன்னிலையில், சாய்தளத்தில் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க எட்மண்ட் விடமாட்டார். கட்டையைப் பார்த்தால் யார் நம்புவார்கள் என்பார். அதனால் கையூம் ஆப்பு போல் சீவிய மரக்கட்டை ஒன்றை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி நகர்ந்தால் அதைச் சக்கரத்தடியில் போட்டுவிட்டுத் தாவிவிடலாம். அதற்கு நேரம் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது.

எட்மண்ட் வேனைச் சாய்தளத்தின் நடுவில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

“பாருங்க மேடம், காலும் எடுத்துட்டேன்!”

“ஐயோ, அவர எதுக்கு அங்க நிக்க வெக்கிறீங்க?”

“அதான் எங்க சர்ட்டிஃபிகேட். பிரேக் பார்த்தவனே பயப்படல, நீங்க ஏன் பயப்படணும்?”

வண்டிக்கு அடியில் ‘டிங்’ என்று மெல்லிய சத்தம். இன்னோர் இழை. கையூமுக்கு மட்டும்தான் கேட்டது. பம்பருக்கும் அவர் தொடைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. பின்னால் சுவர். கட்டையைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது.

“அண்ணே, நல்லாப் பிடிக்குமா? நாள் முழுக்க நான் இதுக்குப் பின்னாடிதான் நிக்கணும்.”

பக்கக் கண்ணாடியில் எட்மண்டின் கண்கள் தெரிந்தன.

“பிடிக்கும் மேடம்,” என்றார் கையூம்.

எட்மண்ட் ரசீது போட அறைக்குள் போனதும், கையூம் வேனின் பின்கதவைத் திறந்து, மரக்கட்டையை டிங்கட் அடுக்குகளுக்கு நடுவில் வைத்தார்.

“சரிவுல நிறுத்தினா கியர்ல போடுங்க. மொதல்ல இத டயருக்குக் கீழ வைங்க. அப்புறமா கதவத் திறங்க.”

“இப்பத்தானே சரி பண்ணீங்க?”

அவர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். “மூணு நாள் கழிச்சு வந்து கேபிள மாத்தச் சொல்லிக் கேளுங்க. நான் சொன்னதாச் சொல்லாதீங்க.”

வைதேகி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வேனில் ஏறினாள். வேன் ஐந்தாம் மாடியிலிருந்து மெதுவாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அதன் சிவப்பு விளக்கு நெடுநேரம் எரிந்தது.

“கையூம்! அடுத்தது லா!”

காலையில் அவர் ஹேண்ட்பிரேக் பார்த்த லாரி சாய்தளத்தில் ஏறி நின்றது. அதன் சொந்தக்காரர் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு ஓரத்தில் நின்றார். கையூம் பட்டறை மூலைகளில் தேடினார். எண்ணெய்த் துணிகள், காலி டப்பாக்கள். வேறு கட்டை இல்லை.

“என்ன தேடுற? சீக்கிரம் வா!”

எட்மண்ட் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கையூம் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று, வழக்கம்போல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.