பத்துப் பேருக்கு மண்ணெண்ணெய்

முத்தூரியின் லாரி திமாவிலிருந்து நைரோபிக்கு உருளைக்கிழங்கு சுமக்கிற வண்டி. டீசலில் ஓட வேண்டியதுதான். ஆனால் எட்டு மாதமாக மண்ணெண்ணெயையும் கலந்து குடித்துவிட்டு, மேடு கண்ட இடமெல்லாம் இருமிக்கொண்டு ஏறியது.

மொம்பாசாவில் கப்பலிலிருந்து இறங்கும்போது இரண்டுக்கும் பெரிய விலை வித்தியாசம் கிடையாது. சாலையைத் தேய்க்கிறது என்று டீசலின் தலையில் வரியை ஏற்றிய அரசாங்கம், ஏழை வீட்டு அடுப்பு எரியட்டும் என்று மண்ணெண்ணெயை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்த இரக்கம் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, லாரி டேங்குகளுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

பங்க்கில் எண்ணெய் அடிப்பவள் முகாமி. முத்தூரி முதல் நாள் டீசல் போட்டுக்கொண்டு இரண்டு பெரிய கேன்களையும் நீட்டியபோது, "இம்புட்டு மண்ணெண்ணெய் எதுக்கு டிரைவரே?" என்று கேட்டாள்.

"வீட்ல பத்துப் பேருக்குச் சமைக்கணுமே!" என்றான் அவன். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாதவன், மூன்று வேளையும் ஓட்டலில் மக்காச்சோளமும் பயறும் வெந்த கிதேரி தின்கிறவன், வாய் கூசாமல் சொன்னான்.

நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த மாதமே அவனுக்கு முகாமியைப் பிடித்துப்போயிற்று. அவள் சிரிப்பு, வண்டிக் கண்ணாடியைக் கேட்காமலே துடைத்துவிடும் கை, எல்லாமே பிடித்துப்போயிற்று. அவளோ ஒவ்வொரு தடவையும், "வீட்ல அக்கா சௌக்கியமா? பிள்ளைங்க படிக்குதா?" என்பாள். சௌக்கியம் என்று முனகிவிட்டு வண்டியைக் கிளப்புவான் பாவம்.

மாதாமாதம் பதினான்காம் தேதி புது விலை அறிவிப்பார்கள். இந்த முறை மண்ணெண்ணெய் மீதும் வரி விழுந்தது. கலப்படத்தை ஒழிக்கவாம். இரண்டும் ஒரே விலையாகிவிட்டதால், மறுநாள் முத்தூரி டீசல் மட்டும் போட்டான்.

"கேன் எங்க?" என்றாள் முகாமி. "விலை ஏறுனதுல அடுப்பையே அணைச்சுட்டீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் ஒரு மூட்டை அடுப்புக்கரியை இழுத்துக்கொண்டு வந்தாள். "இந்தாங்க. அக்காகிட்ட குடுங்க. பிள்ளைங்க பட்டினி கிடக்கக் கூடாது."

மூட்டையை வாங்கினால் ஆயுசுக்கும் அவளுக்கு அவன் பிள்ளைகுட்டிக்காரன். உண்மையைச் சொன்னால் கலப்படக்காரன். அப்புறம் முகத்திலேயே விழிக்க மாட்டாள்.

"அக்காவும் இல்ல, பிள்ளையும் இல்ல முகாமி," என்றான். "வீட்ல அடுப்பே கிடையாது. அம்புட்டையும் இந்த லாரிதான் குடிச்சுது."

முகாமி மூட்டையைக் கீழே போட்டாள்.

"டீசல்ல கலந்தீங்களா? வண்டி பம்ப் தேஞ்சிருக்குமே!"

"தேஞ்சுதான் போச்சு."

"நல்லா வேணும்!" அவள் கண் கலங்கியிருந்தது. "பத்துப் பேருக்கு உகாலிக் களி கிண்டிக் கொட்டுறாளே, அவளுக்குத் தெம்பு குடு ஆண்டவரேன்னு ஞாயித்துக்கிழமை தவறாம அந்தப் பொம்பளைக்காக ஜெபம் பண்ணுனேன், தெரியுமா? போன மாசந்தான் நிறுத்துனேன்."

"ஏன் நிறுத்துன?"

முகாமி டீசல் குழாயை எடுத்து அதன் கொக்கியில் மாட்டினாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"முடியல. அவமேல பொறாமையா இருந்துச்சு."