டீசல் வாடை

எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அந்தத் தகர டப்பாவின் மூடியைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டியது. கழிமுகப் படுகையில் மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து வந்த மணற்கல் துகள்கள் அவை. கச்சா எண்ணெய்க்கென்று ஒரு வாடை உண்டு. இது லாரிகள் நிற்கும் இடத்தில் அடிக்கும் வாடை.

கருவியில் போட்டுப் பார்த்தாள். பாறையில் ஊறிய எண்ணெயில் லேசானதிலிருந்து மெழுகு வரை எல்லாம் கலந்திருக்கும். திரையில் கோடு நீண்டுகொண்டே போகும். இதில் பாதியிலேயே வெட்டினாற்போல் நின்றுவிட்டது. சந்தேகமே இல்லை, டீசல்.

துளையிடும் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள்.

“குழாய் உள்ள மாட்டிக்கிச்சும்மா. டீசல் ஊத்தித்தான் உருவினோம். சார்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டோமே,” என்றார் அவர்.

சார் என்றால் படுகை மதிப்பீட்டுத் தலைவர். அவளுடைய அக்கா கணவர். போன வாரம்தான் இயக்குநர்கள் முன்னால், “எண்ணெய்த் தடம் கிடைச்சாச்சு,” என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவர்.

அவர் அறைக்குப் போனாள். ஒரு காலை நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகத்துண்டுகள் படுகையின் வரைபடத்தின்மேல் சிதறிக் கிடந்தன.

“அத்தான், அது டீசல்.”

“தெரியும்.”

தெரியாது என்று பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

“தெரிஞ்சுமா சொன்னீங்க?”

“அடுத்த கிணத்துக்கு வேற எப்படி அனுமதி வாங்கறது? கல்லை விட்டெறிவோம், மாங்கா விழுந்தா நமக்குத்தானே பேரு?”

“மூடியா நிக்க வேண்டிய களிப்பாறையே பிளந்து கிடக்கு. உள்ள இருந்த எண்ணெயெல்லாம் எப்பவோ கசிஞ்சு போயிருக்கும். அடுத்ததுலயும் உப்புத் தண்ணிதான் வரும்.”

“நாத்தமெல்லாம் அறிக்கையில வராதும்மா.” சிரித்தபடி நகத்துண்டுகளை உள்ளங்கையால் தரையில் தள்ளிவிட்டார். அதே கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். “சாப்பிடு.”

தன் இருக்கைக்குத் திரும்பி, டீசல் கலந்திருப்பதை எழுதி, இயக்குநர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே! அவர் சொல்லித்தானே உனக்கு அந்த வேலையே கிடைச்சுது?”

“அவர் பொய் சொன்னாருக்கா.”

“ஊர்ல யாருதான் சொல்லல? நீ என்ன அரிச்சந்திரன் பேத்தியா?”

இயக்குநர்கள் ஒரு வரி பதில் போடவில்லை. அவளைப் பாறை மாதிரிகள் அடுக்கிவைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த கிணற்றைத் தோண்டினார்கள். உப்புத் தண்ணீர் வந்தது.

அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். “இந்தப் படுகை நமக்குப் பெரிய பாடம் சொல்லிக் குடுத்திருக்கு,” என்று அத்தான் குரல் தழுதழுக்கப் பேசினார். அரங்கமே கைதட்டியது.

“தட்டுங்க மேடம், பாக்கறாங்க,” என்று பக்கத்திலிருந்த கணக்கதிகாரி கிசுகிசுத்தார். அவள் எழுந்து, அவருடைய முழங்கால்களை இடித்துக்கொண்டே வெளியேறினாள்.

இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு வேறோர் ஊரில், நிலத்தடி நீர் பார்க்கும் சின்ன அலுவலகத்தில் இருக்கிறாள். அக்கா பேசுவதில்லை. அத்தான்தான் எப்போதாவது கூப்பிட்டு, “எப்படிம்மா இருக்க?” என்று ஒன்றுமே நடக்காததுபோல் விசாரிப்பார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி, போனை வைத்துவிட்டு நேரே கை கழுவப் போவாள்.